கைவேகமும் சூனியமும் ஒன்றல்ல

இறப்பர் வளையம் ஒன்றை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டுங்கள். உள்ளங்கைப் பக்கமாக இழுத்து, நான்கு விரல் நுனிகளையும் அதற்குள் விட்டுக் கையை மூடுங்கள். விரித்தால் வளையம் மற்ற இரு விரல்களுக்குத் தாவியிருக்கும். எதிரே இருப்பவருக்குப் புறங்கை மட்டுமே தெரிய வேண்டும்.

இதைச் செய்து காட்டும் பிள்ளையிடம் "சூனியம் பழகாதே மகள்" என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் ஊர்களில் உண்டு. அவர்களின் அச்சம் நியாயமானதுதான். ஆனால் இழுபட்ட இறப்பர் சுருங்குகிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறவளிடம் என்ன சூனியம்?

அஞ்ச வேண்டியவர் வேறு. கத்தியில் செவ்வரத்தம்பூவைத் தேய்த்துக் காயவிட்டு அதனால் தேசிக்காயை வெட்டினால் சாறு சிவக்கும். புளிப்புப் பட்டால் அந்தப் பூவின் சாயம் அப்படித்தான். இதையே "செய்வினை, இரத்தம் வருகிறது பாருங்கள்" என்று ஒருவர் காட்டினால் உம்மாவின் காப்பு கழன்றுவிடும். கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மோசடியின்றி அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். எவரும் அதைப் பெறவில்லை. (அவரது கொள்கைகள் எனக்கு உடன்பாடல்ல, இந்தச் சவால் பிடிக்கும்.)

இரகசியம் காப்பது மேடை வித்தைக்காரரின் தொழில். நாமோ தம்பி தங்கைக்குச் செய்து காட்டிய கையோடு செய்முறையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். உம்மாவுக்கும்தான்.