உயிரும் வேண்டும், செவியும் வேண்டும்!

காசநோய் என்றாலே பாடை கட்டச் சொல்லிவிட்ட காலம் ஒன்று இருந்தது. 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் வாக்ஸ்மனின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார், காலம் மாறிற்று. விஞ்ஞானத்தின் அந்த வெற்றியைப் போற்றுகிறோம். ஆனால், அதற்கு நோயாளியின் செவிதான் விலையா என்று கேட்கிறோம்.

ஸ்ட்ரெப்டோமைசினும், அதன் இனத்தைச் சேர்ந்த கானமைசின், அமிக்காசின், ஜென்டாமைசின் ஊசிகளும் உட்செவியிலுள்ள மயிரிழை போன்ற நுண்ணிய அணுக்களைக் கொல்லக் கூடியவை. செத்த அணு மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை.

சேதம் திருடனைப் போல வருகிறது. மிக உயர்ந்த சுருதியை வாங்கும் அணுக்களே முதலில் சாகின்றன. பேச்சு வழக்கம்போல் கேட்கும். "காது நன்றாக இருக்கிறது" என்பான் நோயாளி. பேச்சு மங்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். சாதாரணச் செவிச் சோதனை 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதற்கும் மேலே சென்று சோதித்தால் திருடனை வாசலிலேயே பிடிக்கலாம். பதில் சொல்லத் தெரியாத பச்சைக் குழந்தைக்கும் வழி உண்டு: உட்செவி தானே எழுப்பும் மெல்லிய ஒலியைக் கருவி அளந்து காட்டும்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! சுரங்கத் தூசி அவன் நுரையீரலைக் கெடுத்துக் காசத்துக்கு வழி திறந்தது. துளைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் செவியைத் தேய்த்தது. சாதாரண மருந்துக்கு அடங்காத காசம் கண்டவர்களுக்கு மாதக்கணக்கில் கானமைசின் ஊசி! உயிர் பிழைத்தவர்களில் பலர் செவியை இழந்தனர். 2018-ல் அந்நாட்டு சர்க்கார் ஊசியை விலக்கி பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறியது. அதே ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனமும் கானமைசினைக் கைவிடச் சொன்னது.

இத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. அமிக்காசினும் ஜென்டாமைசினும் இன்றும் ஆஸ்பத்திரிகளில் உயிர் காக்கின்றன. அவற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. காவல் போடச் சொல்கிறோம். நீண்ட நாள் ஊசி போடுமுன் ஒரு செவிச் சோதனை; போடும் காலத்தில் அடிக்கடி; நிறுத்திய பின்னும் சில மாதம். முதல் அறிகுறியிலேயே டாக்டர் அளவையோ மருந்தையோ மாற்ற யோசிக்க வேண்டும். சோதனைச் செலவை ஏழையின் தலையில் கட்டாமல் சர்க்காரே ஏற்க வேண்டும்.

தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: காதில் ரீங்காரமோ தலைசுற்றலோ கண்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். இரைச்சலில் வேலை செய்வதையும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செவி போன தொழிலாளிக்கு ஆலையின் அபாயச் சங்கு கேட்காது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? செவி கெட்ட பிறகு சோதனைதான் எதற்கு?