வாடியில் காய்ச்சல், கரையில் மருந்து

கற்பிட்டிக்கு அப்பால் பத்தலங்குண்டுத் தீவில், மீன்வாடியில் தங்கியிருக்கும் ஓர் இளைஞருக்கு நள்ளிரவில் காய்ச்சல் காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலை வெடிக்கிறது. குனிந்து நாடியால் நெஞ்சைத் தொட முடியவில்லை. டோர்ச் வெளிச்சம் பட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறார். பக்கத்தில் படுத்திருப்பவர்கள் இரண்டு பனடோல் கொடுத்து, விடியட்டும் என்பார்கள். வந்திருப்பது மூளைக்காய்ச்சலைத் தரும் மெனிங்கோகொக்கஸ் பக்டீரியாவானால், விடியும்வரை பொறுக்க நேரமில்லை. அது ஒரே நாளில் ஆளைக் கொன்றுவிடக்கூடியது. அங்கிருந்து கற்பிட்டிக்குக் கடல்வழி. பிறகு புத்தளத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர்.

மூளைக்காய்ச்சல் என்ற பேர் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1985இல் அநுராதபுரத்தில் வெடித்த ஜப்பானிய மூளைக்காய்ச்சல், அடுத்த சில ஆண்டுகளில் வடமேல் மாகாணத்துக்கும் பரவியது. அது நுளம்பு காவிய வைரஸ். பக்டீரியாவால் வரும் இந்த மூளைக்காய்ச்சலுக்கோ நுளம்பு தேவையில்லை. இருமலும் எச்சிலும் நெருக்கிப் போட்ட பாய்களும் போதும். பேர் ஒன்றாக இருப்பதால் நுளம்புவலையை நம்பி இருந்துவிடக் கூடாது.

2023 ஓகஸ்டில் காலிச் சிறைச்சாலையில் நடந்தது நினைவிருக்கும். காய்ச்சலில் கைதிகள் இருவர் இறந்த பிறகே மெனிங்கோகொக்கஸ் என்று உறுதியானது. சிறைக்கூடத்து நெருக்கம் வாடியிலும் உண்டு, பலநாள் படகின் சிறு அறையிலும் உண்டு.

இந்த நோய் நுழையும் இன்னொரு வாசல் உம்ரா பயணம். 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது பரவிய டபிள்யூ வகைக் கிருமி, யாத்திரிகர்களோடு பல நாடுகளுக்குப் போய் அவர்கள் வீட்டாரையும் பிடித்தது. 2024இல் சவூதி சென்று வந்தவர்களோடு தொடர்புடைய 12 நோயாளிகள் அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியாவில் கண்டறியப்பட்டனர். பெரும்பாலோர் தடுப்பூசி போடாதவர்கள். புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் அந்த ஊசியைப் போட்டாக வேண்டும். புத்தளத்தில் ஆள் சேர்க்கும் முகவர்கள் இதை வெறும் கடதாசி வேலையாக நினைக்கக் கூடாது. ஊருக்குத் திரும்புகிறவரின் மடியில் ஏறி உட்காருவது பேரப்பிள்ளை.

மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால், பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும் முன்பே அன்டிபயோட்டிக் ஊசியின் முதல் வேளையைப் போட்டுவிட வேண்டும். இந்த ஒழுங்கு கரையோரத்தின் கடைசிச் சிறு வைத்தியசாலைவரை உறுதியாக இருக்க வேண்டும். உடம்பில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் தேநீர் குடிக்கும் கண்ணாடிக் கிளாஸை அவற்றின்மேல் அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியும் மறையாவிட்டால் உடனே படகை எடுக்க வேண்டும். கறுத்த தோலில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் பார்க்க வேண்டும். புள்ளி இல்லை என்பதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, கூடப் படுத்தவர்கள். அவர்களுக்கும் தடுப்பு மருந்து உடனே போக வேண்டும். ஆனால் பருவம் முடிந்தால் ஒருவர் சிலாபத்துக்கும் இன்னொருவர் நீர்கொழும்புக்கும் போய்விடுவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களை எங்கே போய்த் தேடுவார்? யார் யார் தங்கினார்கள், எந்த ஊர், தொலைபேசி இலக்கம் என்ன என்று ஒவ்வொரு வாடிச் சம்மாட்டியும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அந்தத் தேடல் ஒரு நாளில் முடியும்.