பள்ளிக்கூட மண் யார் பெயரில்?



சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் என்று கடிதம் அனுப்பியிருந்தார்கள். ஒன்பதரை மணிக்கும் நாற்காலிகள்தாம் நிறைய இருந்தன. பத்து மணிக்கு ஒரு வழியாக இருபது பேர் சேர்ந்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்து கணக்கு வாசித்தார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஏற்றுக்கொள்கிறோம்" என்று கை தூக்கினார்கள். தேர்தலும் பத்து நிமிடத்தில் முடிந்தது. "பழைய ஆட்களே இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னார்; மற்றவர்கள் தலையாட்டினார்கள். தேநீருக்கு எழப்போகும் நேரத்தில் பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்து நின்றார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் தொழிலாளி அவர்.

"ஐயா, தோட்டத்தை விக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்களே. நம்ம பள்ளிக்கூடம் நிக்கிற மண்ணு யாரு பேர்ல இருக்குங்க?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். "அதெல்லாம் பள்ளி மேலாளர் வாரியம் பார்க்க வேண்டிய விஷயம்" என்றார் தலைமையாசிரியர். "வாரியத் தலைவர் யாருங்க?" என்று அம்மா விடவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார்: "அவரு காலமாகி நாலு வருஷமாச்சேம்மா."

வாசகர்களே, சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பள்ளிகளில் உடனே பதில் வரும்?

தோட்டத்துப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. துரைமார்கள் தோட்டத்து மண்ணிலேயே ஒரு கொட்டகை போட்டார்கள். பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். சுதந்திரத்துக்குப் பிறகு ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பாடத்திட்டமும் சோதனையும் கல்வி அமைச்சின் பொறுப்பாயின. ஆனால் கட்டடம் நிற்கும் மண் பல இடங்களில் கம்பெனியின் பெயரிலேயே நின்றுவிட்டது. இன்றும் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகள்தாம். ஆசிரியர் அரசாங்க ஆசிரியர். நிலம் அரசாங்க நிலமல்ல. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம்.

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறக்குறைய 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாயின, மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். சிறு பள்ளிகள் சில ஒன்றாக இணைந்தன, சில மூடின. ஒவ்வொரு முறையும் கூட்டம் கூட்டினோம், மகஜர் கொடுத்தோம். ஆனால் தோட்டம் விலைபோன பிறகு கொடுக்கும் மகஜரை விட, விலைபோவதற்கு முன்பே கையில் இருக்கும் ஒரு நிலப்பட்டாவுக்கு மதிப்பு அதிகம்.

இங்கேதான் வாரியத்தின் வேலை வருகிறது.

பள்ளியில் இரண்டு அமைப்புகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று பெற்றோர் ஆசிரியர் சங்கம். 1998ஆம் ஆண்டு விதிகளின்படி நடப்பது. பள்ளியில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு பெற்றோரும் அதில் உறுப்பினர். ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகத்தை நீங்கள்தாம் தேர்ந்தெடுக்கிறீர்கள். பிள்ளைகளின் நலன், டியூஷன் வகுப்பு, விளையாட்டுப் போட்டி, ஏழைப் பிள்ளைக்குச் சீருடை என்று அன்றாடத் தேவைகளைப் பார்ப்பது அதன் வேலை.

மற்றொன்று பள்ளி மேலாளர் வாரியம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் வருவது. பள்ளியின் அறங்காவலர்கள், நன்கொடையாளர்கள், முன்னாள் மாணவர்கள், பெற்றோர்கள் ஆகியோரின் பிரதிநிதிகளும், அரசு நியமிக்கும் உறுப்பினர்களும் அதில் இடம்பெறுவார்கள். கல்வி இலாகாவில் முறைப்படி பதிவு பெற்றவர்தான் வாரிய உறுப்பினர். வெறுமனே பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டால் போதாது.

வாரியத்தின் முதல் பொறுப்பு பள்ளியின் நிலமும் சொத்தும். நிலம் யார் பெயரில், எல்லை எது, தோட்டம் கைமாறினால் பள்ளியின் கதி என்ன என்பதெல்லாம் அதன் கவலை. இரண்டாவது கட்டடம். கூரை ஒழுகுகிறதா, கறையான் தின்கிறதா, மின்கம்பி பழசாகிவிட்டதா என்று பார்த்து, நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது பணம். பள்ளியின் பெயரில் திரட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஒருவர் கையெழுத்து மட்டும் இருக்கக் கூடாது. கணக்கைத் தணிக்கை செய்து சபையில் வைக்க வேண்டும்.

வாரியத்தின் வேலை அல்லாதவையும் உண்டு. இன்னாரை வகுப்பாசிரியராகப் போடு, இவரை மாற்று, என் மகனுக்குப் பரிசு கொடு என்று சொல்ல வாரியத்துக்கு உரிமை கிடையாது. பாடம் நடத்துவதும் பள்ளியை அன்றாடம் நடத்துவதும் தலைமையாசிரியர் பொறுப்பு. வாரியத் தலைவர் பள்ளிக்கு முதலாளி அல்லர். வகுப்புக்குள் நுழைந்து அதிகாரம் செய்யும் தலைவரால் நல்ல ஆசிரியர்கள் மாற்றல் கேட்டுப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அதுபோலவே, பள்ளிச் சுற்றுச்சுவர் வேலையைத் தம் மைத்துனருக்கே கொடுக்கும் உறுப்பினர், எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் ஊர் வாயை அடைக்க முடியாது. அப்படிப்பட்ட பேச்சு வரும்போது அவர் ஒதுங்கி நிற்பதே மரியாதை.

நம் பக்கத்திலும் குறை உண்டு. திருவிழாக் கமிட்டித் தேர்தல் என்றால் நாம் எப்படி வருகிறோம்! காப்பு யார் கட்டுவது, உபயம் யாருக்கு என்று இரவு பன்னிரண்டு வரை பேசுகிறோம். பிள்ளை படிக்கும் பள்ளிக்கு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டால் ஓவர்டைம் என்கிறோம், கல்யாணம் என்கிறோம். பிறகு, "அவர்கள் சரியில்லை" என்று கடைத்தெருவில் பேசுகிறோம். நாம் போகாத கூட்டத்தில்தான் அவர்கள் தேர்வானார்கள்.

சீன சமூகத்தைப் பாருங்கள். 1954லேயே அவர்களின் பள்ளி வாரியங்கள் நாடளவில் ஓர் அமைப்பாக ஒன்று சேர்ந்தன. கடைக்காரரும் தொழிலாளியும் சேர்ந்து பள்ளியைத் தங்கள் குடும்பச் சொத்தாக நினைத்தார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பீர்கள். 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்ட நேரத்தில் துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்துதான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் சொத்தாயிற்று. பால்மரம் வெட்டிய கைகள் ஒரு தோட்டத்தையே வாங்கியிருக்கின்றன. ஒரு பள்ளியின் இரண்டு ஏக்கரைக் காப்பாற்ற முடியாதா?

இனி காரியத்துக்கு வருவோம். நிலம் யார் பெயரில் என்று தெரிந்துகொள்ள அமைச்சரைப் பார்க்க வேண்டியதில்லை. பட்டா எண்ணோ லாட் எண்ணோ தெரிந்தால், நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பதிவைத் தேடிப் பார்க்கலாம். உரிமையாளர் யார், அடமானம் இருக்கிறதா என்பது அதில் தெரியும். பள்ளி நிலம் தோட்டத்தின் பெரிய பட்டாவுக்குள் அடங்கியிருந்தால், உரிமையாளர் சம்மதத்தோடு அதைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். காலம் பிடிக்கும் வேலைதான். அதனால்தான் விற்பனைப் பேச்சு வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். பிரித்த நிலத்தை வைத்துக்கொள்ள, 1952ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற அறங்காவலர் குழுவை அமைக்கலாம். தனி ஒருவர் பெயரில் மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்குப் பின் வாரிசுகள் இருக்கிறார்கள்.

நிர்வாகத்திடம் பேசும்போது வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். "பள்ளியை ஒன்றும் செய்ய மாட்டோம், பயப்படாதீர்கள்" என்று மேனேஜர் சொல்வார், மனதாரவே சொல்வார். அடுத்த வருஷம் அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப்போவார். கடிதமாகக் கேளுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? மாலை போட வருபவரை அல்ல. கூட்டக் குறிப்பு எழுதத் தெரிந்தவரை, அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினாலும் நான்காம் முறை போகிறவரைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்காதீர்கள். கட்சியைப் பள்ளி வாசலில் விட்டு வருவாரா என்று பாருங்கள். பட்டணத்தில் நல்ல வேலையில் இருக்கும் பழைய மாணவர்களைத் தேடி அழையுங்கள். தாய்மார்களே, நீங்களும் நில்லுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, புத்தகப்பையைத் துவைத்து, ஆசிரியரைப் பார்த்துப் பேசுவது பெரும்பாலும் நீங்கள்தாம். கூட்டத்தில் மட்டும் ஏன் பின்வரிசை?

அந்த அம்மாவின் பள்ளியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று தேநீர் தள்ளிப்போயிற்று. வாரியத்தில் காலியான இடங்களை நிரப்பக் கல்வி இலாகாவுக்கு எழுத முடிவு செய்தார்கள். நிலத்தைப் பற்றி விசாரிக்க மூன்று பேரை நியமித்தார்கள். மூன்றாவது பெயர் அந்த அம்மாவுடையது. தலைமையாசிரியர் பழைய கோப்புகளைக் கிளறி லாட் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவும் நில அலுவலகம் போய் வந்தார். மண் கம்பெனியின் பெயரில்தான் இருக்கிறது. கம்பெனிக்குக் கடிதம் போயிருக்கிறது. நான் இதை எழுதும்வரை பதில் வரவில்லை. "வரலேன்னா திரும்ப எழுதுவோம்" என்றார் அவர் என்னிடம். "முன்னே எங்களுக்குத் தெரியாது. இப்பத் தெரியும்."

உங்கள் பள்ளியின் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குக் கடிதம் வரும்போது அதை மடித்துப் பரணில் வைக்காதீர்கள். போங்கள். கணக்கைக் கேளுங்கள். வாரியத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு எழுந்து நின்று அந்த அம்மா கேட்ட கேள்வியையும் கேளுங்கள். என்ன பதில் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.