படத்தை ஏலம் விடுங்க, நோயை ஏலம் விடாதீங்க

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

ஆன்லைன் ஏலத்துல ஒரு தனி ரகம் ஓடுது. ஓவியம் படிக்காதவங்க, மனநல மருத்துவமனையில இருந்தவங்க, ஒரே அறையில தனியா வாழ்ந்து முடிச்சவங்க வரைஞ்ச விநோதமான படங்கள். பேரு 'அவுட்சைடர் ஆர்ட்'. வாங்குறது விக்கிறது தப்புன்னு சொல்ல வரல. ஆனா அங்க எதுக்கு விலை வைக்கிறாங்கன்னு பாக்கணும்.

2/ சமீபத்துல ஒருத்தர் என்னைப் பார்க்க வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கேன்). அவர் தம்பி பல வருஷமா மாத்திரையில இருக்கார். நோட்டு நோட்டா வரைவார். காரைக்கால் பக்கம் பல வீடுகளுக்கு பிரான்ஸ்ல சொந்தம் உண்டு, தெரியும்ல? அப்படி ஒரு சொந்தக்காரர் போட்டோவைப் பார்த்துட்டுச் சொன்னாராம்: "ஏலத்துல போடலாம். ஆனா என்ன நோய்னு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்பு. அப்பதான் விலை போகும்."

"தம்பிகிட்ட கேட்டீங்களா?"ன்னேன்.

"அவன்கிட்ட என்ன சார் கேக்குறது?"

லெட்டர் தரல. ஏன்னு சொல்றேன்.

3/ முதல்ல சட்டம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நோய் பற்றிய ரகசியம் நோயாளியின் உரிமை. சிகிச்சையில் இருப்பவரின் போட்டோவோ விவரமோ அவர் சம்மதம் இல்லாம ஊடகத்துக்குப் போகக்கூடாது. டிஜிட்டலா இருந்தாலும் இதேதான். அண்ணன் கேட்டாருங்கறதுக்காக, ஏலப் பட்டியல்ல போட நான் நோயின் பேரை எழுதிக் கொடுக்க முடியாது.

4/ எங்க துறைக்கும் இதுல பழைய கணக்கு இருக்கு. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் மனநல மருத்துவமனையில் டாக்டர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் நோயாளிகளின் ஆயிரக்கணக்கான படங்களைச் சேகரித்து, 1922-ல் ஒரு புத்தகம் போட்டார். ஐரோப்பிய ஓவியர்கள் அதைக் கொண்டாடினாங்க. அந்தப் புத்தகத்தில் இடம்பெற்ற ஃப்ரான்ஸ் கார்ல் ப்யூலர் என்ற நோயாளி, 1940-ல் நாஜிகளின் கொலைத் திட்டத்தில் கொல்லப்பட்டார். படங்கள் இன்னும் பத்திரமா இருக்கு. வரைஞ்சவரைக் காப்பாத்தல.

5/ நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். கே. ராமானுஜம். சென்னைக்காரர். அரசு ஓவியக் கல்லூரியில் படிச்சவர். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். பேனாவும் மையும் வச்சு மாளிகைகள், பாம்புகள், பறக்கும் விலங்குகள். நடுவுல தொப்பி போட்ட ஒரு ஆள், அது அவரேதான். சிசோஃப்ரினியா இருந்ததா எழுதுறாங்க. 1973-ல், முப்பது சொச்சம் வயசுல, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இன்னைக்கு அந்தத் தாள்கள் ஏலத்தில் லட்சக்கணக்கில் போகுது.

6/ அவரைப் பத்தி எழுதுறவங்க பலர் நோயிலதான் ஆரம்பிக்கிறாங்க. கல்லூரிப் படிப்பும் பல வருஷ உழைப்பும் பின்னாடி போயிடுது. ஒரு டாக்டரா சொல்றேன்: படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. நோய் முத்தின நாட்கள்ல பலரால ஒரு வேலையில உட்காரவே முடியாது. அவர் வரைஞ்சது நோயால இல்ல, நோயையும் மீறி.

7/ இது வெறும் ரசனை விவாதம் இல்ல. "பைத்தியம்தான் திறமை"ங்கற கதையை நம்பி, "மாத்திரை போட்டா கற்பனை போயிடும்"னு மருந்தை நிறுத்துற குடும்பங்கள் இருக்கு. சில மருந்துகள்ல கை நடுங்கும், மந்தமா இருக்கும், உண்மை. அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாத்தலாம். நீங்களா நிறுத்தாதீங்க. நோய் திரும்ப வந்தா படமும் போகும், ஆளும் போகலாம்.

8/ "சந்தை இல்லன்னா இதெல்லாம் பழைய பேப்பர் கடைக்குத்தானே போகும்?" நியாயமான கேள்வி. சிகாகோவில் ஹென்றி டார்ஜர்னு ஒருத்தர், ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை பார்த்தவர். வாடகை அறையில 15,000 பக்கத்துக்கு மேல ஒரு கதையும் நூற்றுக்கணக்கான படங்களும். அவரும் 1973-லதான் இறந்தார். வீட்டுக்காரர் தூக்கிப் போடாததாலதான் உலகத்துக்குத் தெரிஞ்சது. 2014-ல் பாரிஸ் ஏலத்தில் ஒரு படம் 6 லட்சம் யூரோவைத் தாண்டியது. 2022-ல் தூரத்துச் சொந்தங்கள் உரிமை கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க. இத்தனை பணம் புரண்டதுல டார்ஜருக்கு ஒரு வேளைச் சாப்பாடு கூட வரல.

ஆக சந்தை படத்தைக் காப்பாத்தும், சரி. ஆளையும் காப்பாத்துதான்னு நாமதான் கேக்கணும்.

9/ அதுக்கு இந்தியாவுல ஒரு சட்டமே இருக்கு, பலருக்குத் தெரியாது. பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 53ஏ. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல மறுவிற்பனை ஆனா, வரைஞ்சவருக்கோ வாரிசுக்கோ அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு கேட்கும் உரிமை உண்டு. பதிப்புரிமை இருக்கும் காலம் வரைக்கும் இது செல்லும், அதாவது இறந்த பிறகு 60 வருஷம். ராமானுஜம் விஷயத்துல கணக்குப் போட்டா 2033 முடியும் வரை. சட்டம் இருக்கு, கேட்கிற ஆள்தான் கம்மி.

10/ வாங்குறவங்களுக்கு மூணு விஷயம்.

• பட்டியல்ல படத்தைப் பத்தி ஒரு வரி, நோயைப் பத்தி அஞ்சு வரின்னா, தள்ளி நில்லுங்க. கதையை யாரும் ஜோடிக்கலாம். பழைய காகிதத்துல நாலு கோடு இழுத்து "மனநோயாளி வரைஞ்சது"ன்னு போட ஒரு நிமிஷம் போதும்.
• யார் கையிலிருந்து யார் கைக்கு வந்துச்சுன்னு எழுத்துல கேளுங்க.
• வரைஞ்சவர் உயிரோட இருந்தா, பணம் அவர் கணக்குக்குப் போகுதான்னு கேளுங்க. பதில் வரலன்னா பட்டனை அமுக்காதீங்க.

11/ வீட்டில் வரையறவங்க இருக்கிற குடும்பங்களுக்கு.

• நோட்டைக் கிழிக்காதீங்க, எடைக்குப் போடாதீங்க. தேதி போட்டு வைங்க, போட்டோ எடுத்து வைங்க.
• விக்கலாமான்னு அவர்கிட்டயே கேளுங்க. மனநோய் இருக்கிறவருக்கு முடிவெடுக்கத் தெரியாதுன்னு நாமளே முடிவு பண்ணக்கூடாது. இன்னைக்கு முடியலன்னா, உடம்பு தேறின பிறகு கேளுங்க.
• பேரு போட விரும்பினா பேரைப் போடுங்க. நோயைப் போடாதீங்க.
• தாளை வித்தாலும் பதிப்புரிமை தானா போயிடாது. அதை எழுதிக் கொடுத்துடாதீங்க.

12/ எங்க திருமலைராயன்பட்டினத்துல காளமேகப் புலவர் கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்லேர்ந்து வந்த புலவருக்கு அரசவையில உட்கார இடம் தரல. கோபத்துல பாடினார், ஊர் மேல மண்மாரி பெஞ்சதுன்னு சொல்லுவாங்க. அந்த மனுஷன் கேட்டது இரக்கம் இல்ல, புலவனுக்கு உரிய இடம். வரையறவங்களுக்கும் அதைத்தான் கொடுக்கணும்: பேரு, சம்மதம், காசு.

13/ மனசு சரியில்லைன்னாலோ, வாழவே பிடிக்கலைன்னு தோணினாலோ 14416-க்கு கூப்பிடுங்க. டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

வீட்டுல வரையறவங்க இருக்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.