யாருக்குக் குளிர்கிறது நுவரெலியா?

சித்திரை பிறந்துவிட்டால் நம் கரையோர மக்களை ஒரு மோகம் பற்றிக்கொள்கிறது. உடப்பிலும் முந்தலிலும் சிலாபத்திலும் கற்பிட்டியிலும் வான்கள் வாடகைக்கு அமர்த்தப்படுகின்றன. நுவரெலியா பார்த்து வராத உத்தியோகத்தர் வீடு மதிப்புக் குறைந்த வீடாகிவிடுகிறது. வெங்காயம் விற்ற காசு கையிலிருக்கும் கமக்காரரும் பின்னிற்பதில்லை. உப்புக் காற்றிலும் மணற்சூட்டிலும் வெந்த உடல் இரண்டு நாட் குளிர்ச்சியை விரும்புவதிற் குற்றமில்லை. நாமும் சென்றோம்.

இறம்பொடை வளைவுகளிலேயே பாதிப் பகல் கழிந்தது. முன்னும் பின்னும் வாகனங்கள். 'சின்ன இங்கிலாந்து' என்று போற்றப்படும் பட்டினத்தை அடைந்தபோது கண்டது என்ன? கிரகரி வாவிக் கரையில் ஒலிபெருக்கிகளின் கூச்சல், குதிரைச் சாணம், பிளாஸ்திக் குப்பை, நிற்க இடமில்லாத கூட்டம். நாம் தங்கிய விடுதியில் வாடகை மும்மடங்கு. வெந்நீர்க் குழாயில் வந்ததோ தண்ணீர். அறிவிப்புப் பலகையில் மும்மொழியும் இருந்தன. தமிழ் இருந்த இடத்தில் எழுத்துக்கள் இருந்தன, பொருள் இல்லை. ஆயினும் நம் மனம் கசந்தது இவற்றாலன்று.

இவ்வூரின் புகழ் தானாய் முளைத்ததன்று. யானை வேட்டைக்கு வந்து, காய்ச்சல் தீர இம்மலையில் ஓய்வெடுத்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1848இல் இங்கே பண்ணை அமைத்தார். சதுப்பு நிலத்து ஓடையை மறித்து, 1873இல் தேசாதிபதி கிரகரி வாவியை ஆக்கினார். தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்குக்காக 1876இல் ஹில் கிளப் எழுந்தது. செங்கல் அஞ்சலகம் 1894ஆம் ஆண்டினது. அதனை ஓர் ஓட்டலுக்குக் கொடுக்க முனைந்தபோது அஞ்சல் ஊழியர் 2023இல் வேலைநிறுத்தம் செய்ததை வாசகர் மறந்திரார். துரைமாரின் ஊர்நினைவு தீரக் கட்டிய பட்டினத்தைத்தான் நாம் காசு கொடுத்துக் கண்டு வருகிறோம்!

கட்டியவர் துரைமாரா? காடழித்தவர், தெரு வெட்டியவர், கோப்பி நோயில் அழிந்தபின் சரிவெங்கும் தேயிலை நட்டவர் யாவர்? இராமேசுவரக் கரையிற் படகேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியிலேயே மாண்டவர் போக எஞ்சியோர் அல்லரோ? பட்டினத்துக்கு வெளியே லீக்ஸ் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நாம் புத்தளப் பக்கத்தார் என்றறிந்ததும், "எங்க பாட்டன் அந்தக் கடல் வழியாத்தான் வந்தாராம், ஐயா. நான் கடலையே பார்த்ததில்லை" என்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை ஒன்றில் மகனும் மருமகளும் பேரரும் தாமுமாய் வாழ்கிறார். பிறந்ததும் அங்கேயே. அந்த நிலத்துக்கு உறுதி இருக்கிறதா என்று கேட்டோம். சிரித்தார்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்று 2015இல் எழுந்த கோரிக்கை வர்த்தமானியில் ஏற 2021 ஆயிற்று. அதற்குள் அரிசி விலை எங்கோ போய்விட்டது. ஏழு பேர்ச் காணி என்ற பேச்சும் 2015இலேயே எழுந்தது. இன்றும் பெரும்பாலானோர் கையில் உறுதி இல்லை. குடியிருப்பவருக்கு ஏழு பேர்ச் காணி கொடுக்கக் கணக்குப் பார்ப்பவர்கள், ஓட்டல்களுக்கு ஏக்கர்க் கணக்கில் அளந்து கொடுக்கத் தயங்கியதுண்டா?

மலைநாட்டுக் கதை கடற்கரைக்கு எதற்கு என்று கேட்பார் உளர். கற்பிட்டியை நோக்குக! இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பதினான்கு தீவுகளையும் சேர்த்துப் பெருஞ் சுற்றுலாத் திட்டமொன்று வரையப்பட்டது. படங்களில் வில்லாக்கள் இருந்தன, விமான இறங்குதளம் இருந்தது. வலை உலர்த்தும் இடம் இல்லை. உச்சமுனையிலும் பத்தலங்குண்டிலும் வாடியடித்துத் தலைமுறையாகத் தொழில் செய்வோரிற் பலரிடம் உறுதி கிடையாது. 'அரச காணி' என்ற ஒரு சொல் அவர்களைத் தம் ஊரிலேயே அத்துமீறிக் குடியேறியோர் ஆக்கிவிடுகிறது. லயன் அறைக்குச் சொல்லப்படும் அதே சொல்! திட்டம் படத்திலிருந்தபடி நிறைவேறவில்லை என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. துண்டு துண்டாக நிலம் கைமாறுவதையும், கரைக்குச் செல்லும் ஒழுங்கைகள் வேலிக்குள் மறைவதையும் ஆலங்குடாப் பக்கம் ஒருமுறை நடந்தவர் காண்பர்.

சுற்றுலா வந்தாற் பிழைப்பு வரும் என்பர் நம் படித்தவருட் சிலர். முழுதும் பொய்யென்று நாம் கூறோம். திமிங்கிலமும் ஓங்கிலும் காட்டப் படகோட்டி நாலு காசு கண்ட இளைஞர் உண்டு. ஆனால் அது நவம்பர் முதல் ஏப்பிரல் வரையுள்ள பிழைப்பு. தென்மேற்குப் பருவம் பிறந்தாற் படகு கரையில். கரைவலைப் பாடு போனால் திரும்பி வராது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல் நிலையம் எழுந்தபோதும் இத்தகைய பேச்சுத்தான் பேசினார்கள். மின்சாரம் நாடு முழுதும் போயிற்று. கரித்தூசு மட்டும் அயலில் உள்ள வெங்காயப் பாத்தியில் தங்கிவிட்டது.

உடப்பார் தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர் என்பர். மலையேறியவரும் அக்கரையார். கடலோரம் நின்றவருக்குக் கடல் இருந்தது. மலைக்குப் போனவருக்கு ஒன்றுமில்லை. அந்தக் கடலுக்குப் போகும் வழியையும் நாம் பேசாமல் இருந்தே இழக்கப் போகிறோமா?

நம் வாசகரிற் சட்டத்தரணிகள் உளர், நில அளவையாளர் உளர், ஆசிரியர் உளர். மீனவர் சங்கங்களோடு அமர்ந்து ஒவ்வொரு பாட்டின் எல்லையையும் எழுதுங்கள். கரைக்குச் செல்லும் ஒழுங்கை எத்தனை, அவற்றுள் அடைபட்டவை எத்தனை என்று கணக்கெடுத்துப் பிரதேச சபையின் முன் வையுங்கள். தீவில் இருப்போர் எத்தனை ஆண்டாக இருக்கின்றனர் என்பதற்குப் பிறப்புப் பதிவும் கோயிற் கணக்கும் மாதா கோயில் ஏடும் சாட்சி சொல்லும், அவற்றைத் திரட்டுங்கள். அடுத்த சித்திரை விடுமுறையில் இரண்டு நாள் இதற்குப் போதும். நுவரெலியா எங்கும் ஓடிவிடாது.