பிழை எங்கே என்று சொல்லாத படிவம்

ஆரணிக் குழித்தறியில் பாவு இழையொன்று அறுந்தால், நெசவாளர் அதே இடத்தைத் தேடிப் பிணைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். முழுப் பாவையும் அறுத்தெறிய மாட்டார். நம் இணையப் படிவங்கள் பலவற்றுக்கு இந்த நிதானம் இல்லை.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் துணையோடு ஒரு பார்வையற்றவர் விண்ணப்பிக்கிறார். கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டுவிட்டது. ‘சமர்ப்பி’யை அழுத்தியதும் அந்தக் கட்டம் சிவக்கிறது; அவ்வளவுதான். திரைவாசிப்பான் நிறத்தைச் சொல்லாது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா, நின்றுவிட்டதா என்பதே அவருக்குத் தெரியாது. கை நடுங்குபவர் எண்களைத் தட்டி முடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிறது. நிரப்பிய அனைத்தும் அழிந்துபோகிறது. ஜரிகையை உற்றுப் பார்த்தே மூப்படைந்து, கண் மங்கிய நெசவாளரிடம் மாற்றுத்திறனாளி அட்டை இருக்காது. தடை அவருக்கும் உண்டு. அந்த அட்டை வாங்குவதும் 2021 ஜூன் முதல் இணையவழியில்தான்.

தீர்வு எளிது. ‘கைபேசி எண்ணுக்கு 10 இலக்கங்கள் வேண்டும், 9 மட்டுமே உள்ளன’ என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த வரியை உரிய கட்டத்தோடு நிரலில் இணைத்து, கர்சரை அங்கே நிறுத்தினால் திரைவாசிப்பான் படித்துவிடும். பிழையை எழுத்தில் சுட்ட வேண்டும் என்று உலகளாவிய வலை அணுகல் நெறிகள் 2008லிருந்தே வலியுறுத்துகின்றன.

இது வெறும் வசதி அல்ல, உரிமை. அமில வீச்சில் கண்கள் சிதைந்த பிரக்யா பிரசூன், வங்கியின் இணையச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்ட முடியாததால் உச்ச நீதிமன்றம் சென்றார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, இணையச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகள் பிறப்பித்தது.

‘இ-சேவை மையத்தில் நிரப்பித் தருவார்களே’ என்பார்கள். அங்கு உழைப்பவர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி மூன்றையும் அடுத்தவரிடம் ஒப்படைத்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்ற நிலையை ஏற்க முடியாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, தறியை விட்டு எழுந்துபோகும் அரைநாளும் இழப்புதான்.

முகப்புப் பக்கத்தை மட்டும் சோதித்து அணுகல்தன்மைச் சான்று வாங்குவது போதாது. அரசு தன் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: பார்வையற்றவர்களும் கை இயக்கம் குறைந்தவர்களும் ஊதியம் பெற்றுப் படிவத்தை வேண்டுமென்றே தவறாக நிரப்ப வேண்டும். யார் துணையுமின்றி அவர்கள் அதைத் திருத்தி அனுப்ப முடிந்த பிறகே படிவத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு இறுதித் தவணை தர வேண்டும்.