ஜெபக் குறிப்பும் ஊர்த் தீர்ப்பும்

பெண்களின் நாவே திருச்சபையின் சமாதானத்தைக் குலைக்கின்றது என்பது யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் நாம் பலமுறை கேட்ட பிரசங்கம். யாக்கோபின் நிருபத்து மூன்றாம் அதிகாரத்தை வாசித்துவிட்டுக் குருவானவர் பெண்கள் அமர்ந்திருக்கும் வாங்குகளின் பக்கம் கண்ணைத் திருப்புவார். அந்த அதிகாரம், போதகராக விரும்புவோரை எச்சரித்தே தொடங்குகின்றது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

பிரசங்கியாரை விட்டுவிடுவோம். முற்போக்காளரெனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நம் நண்பர் சிலரும் இதே கருத்தை வேறு சொற்களில் உரைப்பதே நமக்கு வருத்தந் தருகின்றது. “மதம் என்றால் அப்படித்தான், பெண்களின் வம்பை ஆராய்வது நம் வேலையா?” என்கின்றனர். அடிமைத்தனத்தின் பொருளாதாரக் காரணங்களைத் தொழிற்சாலையிலும் வயலிலும் தேடத் தெரிந்த இவர்கள், மாதர் ஐக்கியக் கூட்டத்தின் வாசலுக்கு வந்ததும் ‘பெண்ணின் இயல்பு’ என்னும் பழைய சித்தாந்தத்தைத் தூக்கிக்கொள்கின்றனர். இந்தச் சோம்பலை நாம் ஏற்பதற்கில்லை.

அக்கூட்டத்தில் நிகழ்வதென்ன? பாட்டு முடியும், வேதபாடம் முடியும், பின்னர் ஜெபக் குறிப்புக்கள் கேட்கப்படும். நெஞ்சிலே பாரம் சுமந்து வந்த ஒருத்தி, சற்றுத் தயங்கிப் பக்கத்திலிருப்பவளிடம், “ஒருதருக்கும் சொல்லாதையுங்கோ அக்கா, ஜெபத்தில மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ” என்பாள். அக்கா வைத்துக்கொள்வாள். ஆனால் ஜெபிக்க இன்னும் இருவர் வேண்டுமே! “அந்தப் பிள்ளைக்காக நல்லா ஜெபியுங்கோ, என்னெண்டு மட்டும் கேளாதையுங்கோ” என்று அவள் மற்றொருத்தியிடம் சொல்ல, அவள் கேட்கத்தான் செய்வாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தம் மகனுக்குப் பெண் பார்க்கும் தாய்மார் அந்த வீட்டுப் பிள்ளையைத் தாண்டி நடப்பர். விசாரணையுமில்லை, எதிர்வாதமுமில்லை, தீர்ப்பு நிறைவேறிவிட்டது.

இவ்வாறு ஒளிக்கப்படும் இரகசியங்கள்தாம் எவை? கணவனின் குடி, அவன் கை ஓங்குவது, நுண்கடன் நிறுவனத்தார் கிழமைதோறும் படலையில் வந்து நிற்பது, மணமுடித்துச் சுவிசுக்குப் போன மகள் தனியே திரும்பி வந்தது, குழந்தையில்லாமை, மகனின் மனநோய், மகள் வேறு சாதிப் பையனை விரும்புவது. வாசகர் கவனிக்க வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவை அப்பெண் செய்த குற்றங்களல்ல. அவளுக்குச் செய்யப்பட்டவை, அல்லது எவருமே குற்றஞ் செய்யாதவை. எனினும் வெட்கப்படுபவள் அவளே. அடித்தவன் ஆலய நிர்வாகக் குழுவிலே இருந்து கொண்டு காணிக்கைத் தட்டு ஏந்தலாம்.

சட்டமும் அவளை ஒளிக்கவே பழக்கியிருக்கின்றது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, சிலுவையையும் திருநீற்றையும் பார்த்து வேறுபடுத்தவில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்ணையும் அது ஆள்கின்றது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, தன் தாய் தந்த சீதனக் காணியை விற்பதற்கும் மணமான பெண் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற வேண்டும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணமுறிவுக்கு வைத்த காரணங்கள் சோரம், தீய எண்ணத்துடன் கைவிடல், மணவேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை என்பனவே. அடி என்பது தனியே அப்பட்டியலில் இடம்பெறவில்லை. காணி கணவன் கையொப்பத்தில். மகளின் கலியாணம் ஊரார் வாயில். இந்நிலையில் ஒரு பெண்ணிடம் தன் பொறுப்பிலுள்ள சொத்து ஒன்றே ஒன்று: நற்பெயர். அதைக் காக்க அவள் பொய் சொன்னால் நாம் வியப்பதென்ன?

தீர்ப்புச் சொல்பவளையும் பார்ப்போம். நம் சிறுகதையாசிரியர்கள் அவளை நச்சுநாக்கு மாமியாக வரைந்து மன நிறைவு அடைந்துவிடுகின்றனர். அவளுக்கும் வீட்டிலே மூன்று பெண்பிள்ளைகள். அவளுக்கும் அலுமாரிக்குள் பூட்டிய ஒரு கடிதம். அயல்வீட்டுத் துயரம் பேசப்படும்வரை தன் வீட்டுத் துயரம் பேசப்படாது என்பதை அவள் அனுபவத்திற் கற்றிருக்கின்றாள். அவள் கொடுமை உண்மையானதே; அதனை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் அக்கொடுமையின் வேர் அச்சத்திலிருக்கின்றது. அவ்வச்சத்தால் விலை உயர்வது சீதனச் சந்தையில். மாப்பிள்ளை வீட்டாருக்கு, பெண் வீட்டின் ஒவ்வொரு இரகசியமும் சில இலட்சங்கள்.

சீதனம் சைவச் சமூகத்தின் எச்சம், வேதத்துக்கு அதில் பங்கில்லை என்று சிலர் வாதிப்பர். 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது. எழுத்தறிவே மறுக்கப்பட்ட பெண்ணுக்கு ஏடும் எழுத்தும் கொடுத்த அப்பணியை நாம் என்றும் போற்றுவோம். ஆயினும் அத்தொடக்க காலத்தில், கற்று முடித்துக் கிறிஸ்தவனை மணந்த மாணவிக்கு மிஷனே சீதனம் கொடுத்து வந்தது என்பதும் வரலாறுதான். வழக்கத்தை எதிர்த்து வந்தவர்கள் வழக்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டனர்.

இரகசியத்தைக் காக்கத் திருச்சபைக்குத் தெரியாதென்றும் சொல்ல இயலாது. கத்தோலிக்கரிடையே பாவசங்கீர்த்தனத்திற் கேட்டதை வெளியிடும் குருவானவர் அக்கணமே சபைவிலக்குக்கு ஆளாவார். ஆணொருவர் காதிற் சொன்னதற்கு இத்துணைக் காவல்! பெண்ணொருத்தி பெண்ணொருத்தியிடம் அழுது சொன்னதற்கோ எந்தக் காவலும் இல்லை. பெண்ணின் பெயரைக் கெடுப்பதிலும் தலைமைப்பீடம் முன்னோடியே. மகதலா மரியாளை, லூக்கா பெயர் சொல்லாது விட்ட பாவியான பெண்ணோடு ஒன்றாக்கி 591இல் பாப்பரசர் முதலாம் கிரகோரியார் பிரசங்கித்தார். 1969இல் வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்படும்வரை, ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டுகள், உயிர்த்தெழுதலின் முதற்சாட்சி விலைமகளென்று சுமத்தப்பட்டாள். இதுவும் ஐக்கியக் கூட்டத்து வம்பா?

போர் 2009இல் முடிந்தபின் இக்கொடுமை புதிய இரையைக் கண்டது. காணாமலாக்கப்பட்டவனின் மனைவி விதவையுமல்லள், சுமங்கலியுமல்லள். நிறச்சேலை உடுத்தால் ஒரு சொல். வெள்ளை உடுத்தால், “அவன் செத்துப்போனானெண்டு முடிவு கட்டிவிட்டாளோ” என்று மறு சொல். வீட்டுத்திட்டத்தில் வீடு கட்ட மேசனோடு அவள்தான் பேசியாக வேண்டும். பேசினாற் கதை பிறக்கும். முகாமையும் பட்டினியையும் தாங்கியவள் ஆலய வாங்கிலே தலைகுனிந்து அமர்கின்றாள். பின்னர் வருவதையே நிறுத்திவிடுகின்றாள். அவளுக்காகவும் ஜெபக் குறிப்பு எழுதப்படுகின்றது.

நாவை அடக்குமாறு இனியும் பிரசங்கிப்போரிடம் நாம் கேட்பவை சில. பெயர் சொல்லி ஜெபக் குறிப்புக் கேட்பதை நிறுத்துங்கள். பாடசாலை அனுமதிக்கும் உதவிப் பணத்துக்கும் குருவானவரின் கடிதம் வேண்டுமென்னும் இடங்களில், பெண்ணின் நடத்தை பற்றிய கேள்வியை அகற்றுங்கள். மனைவியை அடித்தவனை நிர்வாகக் குழுவிலிருந்து இறக்குங்கள். அக்குழுவிற் பாதியைப் பெண்களுக்குக் கொடுங்கள். ஐக்கியத்துச் சகோதரிகளிடமும் ஒன்று கேட்கின்றோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடிபட்டவள் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். வரும் வெள்ளிக்கிழமை ஒருத்தி தன் முதுகின் தழும்பைக் காட்டினால், கண்ணை மூடி ஜெபிப்பதற்குப் பலர் இருப்பீர்கள். திங்கட்கிழமை அவளோடு பஸ் ஏறி நீதிமன்றுக்குச் செல்ல உங்களில் இருவர் வருவீர்களா?